கையில் தொழில் இருக்கு, கடதாசி இல்லை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்து, "தம்பி, இந்த முறை நீர் ஒரு பத்து நிமிசம் பேச வேணும்" என்றார். "அண்ணை, நான் ஒரு பக்டரித் தொழிலாளி, ஏ.எல். மட்டும் படிச்சனான், என்னத்தைப் பேசிறது?" எண்டு கேட்டேன். "அதுதான் வேணும். டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் ஒவ்வொரு வருசமும் பேசுகினம். கேட்டுக்கொண்டு இருக்கிற சனத்தில முக்கால்வாசி பக்டரியிலும் குசினியிலும் நிக்கிறது" என்றார். ஆகவே பிழை இருந்தால் அண்ணையைத்தான் பிடிக்க வேணும்.

நான் எடுத்துக்கொண்ட விடயம் வேலை. எமது கொண்டாட்டங்களில் எல்லாம் அதிகம் கதைக்கப்படுவதும் இதுதான், ஒழுங்காகக் கதைக்கப்படாததும் இதுதான். பிறந்தநாள் வீட்டில் ஒருவரை ஒருவர் காணும்போது "வேலை எப்பிடிப் போகுது?" என்போம். "ஏதோ போகுது" என்பார் மற்றவர். அதோடு வீட்டு விலை, பிள்ளையின் படிப்பு, ஊர்ப் பயணம் என்று கதை மாறிவிடும். இரண்டாவது கிளாசுக்குப் பிறகுதான் உண்மை வெளியில் வரும்: "மச்சான், விடிய எழும்பேக்கை நெஞ்சு அடைக்குதடா. இந்த வேலையை இன்னும் முப்பது வருசம் செய்ய ஏலுமோ?"

இந்தக் கேள்வியைப் பகலில், தெளிவாக இருக்கும்போது, எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

எமக்கு முன்னால் வந்தவர்களை முதலில் நினைக்கிறேன். 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினின் சேனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அகதி விண்ணப்பம் போட்டவன் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் தடுத்த காலம் அது. ஹைமில் அடைபட்டு, சாப்பாட்டுப் பொதிக்குக் கைநீட்டி, வேலை செய்ய அனுமதி எப்ப கிடைக்கும் எண்டு ஏங்கிக் கிடந்தவர்கள் நீங்கள். அந்த அனுமதி கிடைத்த நாளில், கோப்பை கழுவுகிற வேலையும் உங்களுக்குச் சொர்க்கமாக இருந்தது. "கிடைச்ச வேலையை விடாதை" என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லுவது அந்த அனுபவத்தில் இருந்து. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேலையை விடாமலேயே வேலையில் மேலே போகலாமா என்று கேட்பது வேறு கேள்வி. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 இல் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் ஏ.எல். எடுத்தேன். பாதை பூட்டி, இரவில் ஊரடங்கு, பகலில் சோதனைச் சாவடி. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காணாது. 2013 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். முதலில் ஒரு றெஸ்ரோறன்ட் குசினி. பிறகு 2015 இல் ஒரு சைற்பிர்மா மூலம் லூடன்ஷைட் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பக்டரி. எங்கள் சவர்லாண்ட் பகுதி உங்களுக்குத் தெரியும், மலைக்கு மலை ஒரு உலோகப் பட்டறை அல்லது பிளாஸ்ரிக் பட்டறை. காருக்குள் இருக்கும் சின்னச் சின்ன மூடிகள், கொளுக்கிகள், வயர் பிடிகள் எல்லாம் எங்கள் மெசினில் இருந்து விழுபவை. காரை யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். கொளுக்கியை யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது!

சைற்பிர்மாவில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தேன். அதே மெசின், அதே மணித்தியாலம், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம். 2017 ஏப்ரலில் சட்டம் மாறியது. பொது விதியாக, ஒரு ஆளை 18 மாதத்துக்கு மேல் ஒரே கொம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்து வைத்திருக்க ஏலாது, 9 மாதம் கழிந்தால் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கொடுக்க வேணும் என்று வந்தது. அந்த 18 மாதம் முடிகிற நேரம், 2018 ஒக்ரோபரில், கொம்பனி என்னை நேரடியாக எடுத்துக்கொண்டது. என் உழைப்பைப் பார்த்து எடுத்தார்களோ, சட்டத்தைப் பார்த்து எடுத்தார்களோ நான் கேட்கவில்லை. வீட்டில் பால் பொங்கினோம்.

பிறகுதான் நான் சொல்ல வந்த கதை.

2019 இல் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் அற்சூபியாக, அதாவது தொழில் பழகும் பிள்ளையாக, எங்கள் பகுதிக்கு வந்தான். நல்ல பிள்ளை. மைஸ்ரர் அவனை என்னிடம் கூட்டிவந்து "இவருக்குப் பக்கத்தில் நில், மெசினைப் பழகு" என்றார். குருணை எப்படிப் போடுவது, அச்சு எப்படிச் சூடாகிறது, எந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும், எந்தச் சத்தத்தைச் சட்டை செய்யத் தேவையில்லை என்று எல்லாம் காட்டினேன். என் டொச்சைக் கேட்டு அவன் சிரிப்பான். அவன் அச்சில் கையை வைக்கப் போகும் விதத்தைப் பார்த்து நான் கத்துவேன். இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. வாரத்தில் சில நாள் அவன் தொழிற்பள்ளிக்குப் போவான். 2022 இல் சோதனை பாஸ் பண்ணினான். 2023 இல் மெசின் செற் பண்ணுகிற பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் இருந்து அவன் எனக்கு மேலே. மணித்தியாலத்துக்கு எனக்கும் அவனுக்கும் மூன்று யூரோவுக்குக் கிட்ட வித்தியாசம்.

அவனில் எனக்குக் கோபம் இல்லை, இதை நான் சத்தியமாகச் சொல்லுகிறேன். இன்றைக்கும் மெசின் குழம்பினால் அவன் மெதுவாக வந்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்றுதான் கேட்பான். நான் மைஸ்ரரிடம் போனேன். "இந்த வேலையை நான் எட்டு வருசமாகச் செய்யிறன், அவனுக்கும் நான்தான் பழக்கினனான், எனக்கு ஏன் அந்தச் சம்பளம் இல்லை?" என்று கேட்டேன். அவர் திட்டவில்லை, நக்கலடிக்கவும் இல்லை. "உனக்கு அவுஸ்பில்டுங் இல்லை. சம்பள அட்டவணையில் நீ பழகாத தொழிலாளி" என்றார்.

பழகாத தொழிலாளி! பழக்கிவிட்டவன் பழகாதவன், பழகினவன் பழகினவன்.

அன்று இரவு ஷிப்ட் முழுக்க யோசித்தேன். எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லையா? இல்லை. மெசினை எனக்குப் பிடிக்கும். சூடான பொருள் அச்சுக்குள் போய், உறைந்து, ஒரு சரியான வடிவமாக விழுவதைப் பார்க்க இன்றைக்கும் ஒரு சந்தோசம். அப்ப எனக்குப் பிடிக்காதது என்ன? களைப்பா? களைப்பு படுத்து எழும்பினால் போய்விடும். படுத்தாலும் போகாத ஒன்று இருக்குது, அது மற்றவர் உன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது. எங்களில் கனபேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "வேலை சரியில்லை" என்கிறோம். ஆகவே கொம்பனி மாறுகிறோம். புதுக் கொம்பனியிலும் அதே பழகாத தொழிலாளி, அதே அடிமட்டச் சம்பளம், நோட்டீஸ் காலம் மட்டும் திரும்ப முதலில் இருந்து. சிலர் கடை போட்டார்கள், சிலர் ரக்ஸி ஓடுகிறார்கள், ஜேர்மன் பாஸ்போட் எடுத்த கனபேர் அந்த நாளில் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார்கள். அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆனால் கையில் பத்து வருடத் தொழிலை வைத்துக்கொண்டு அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பெற்றீப்ஸ்ராற்றில், அதாவது தொழிலாளர் சபையில், துருக்கியப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதன்முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்: எக்ஸ்ரேர்னன் புறூபுங். வெளியாள் சோதனை எண்டு தமிழில் சொல்லலாம். ஊரில் பள்ளிக்கூடம் போகாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஏ.எல். எடுக்கிறதில்லையோ, அதைப் போல.

இந்த நாட்டுத் தொழிற்கல்விச் சட்டத்தின் 45 ஆம் பிரிவில் இது இருக்கிறது. ஒரு தொழிலுக்கு எத்தனை வருடப் பயிற்சி என்று விதித்திருக்கிறதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு காலம் நீ அந்தத் தொழிலைச் செய்திருந்தால், பயிற்சிக்குப் போகாமலேயே கடைசிச் சோதனைக்கு உட்கார உனக்கு இடம் உண்டு. கணக்கைக் கவனியுங்கள். களஞ்சியத்தில் வேலை செய்பவருக்குப் பாஹ்லாகரிஸ்ற் என்பது இரண்டு வருடத் தொழில். ஆகவே மூன்று வருட வேலை போதும். சமையல்காரர், அதாவது கொஹ், மூன்று வருடத் தொழில். நாலரை வருடம் போதும். இந்த மண்டபத்தில் நாலரை வருடம் குசினியில் நிற்காத ஆம்பிளை எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் கொஞ்சப் பேர்தான் தூக்குவீர்கள்! வெளிநாட்டில் செய்த வேலைக் காலத்தையும் கவனத்தில் எடுக்க வேணும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. சோதனை ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். அற்சூபி எழுதுகிற அதே வினாத்தாள், அதே ஈ-ஹா-கா முத்திரை.

தாய்மாருக்கும் சகோதரிமாருக்கும் ஒன்று சொல்ல வேணும். ஹவுஸ்விற்ஷாவ்ரரின் என்று வீட்டு நிர்வாகத் தொழில் ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லங்கள், பிள்ளைகள் காப்பகங்கள், பெரிய குசினிகள் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும் தொழில். அதற்கான வெளியாள் சோதனைக்கு, கன பேர் உள்ள சொந்த வீட்டைப் பொறுப்பாக நடத்திய காலத்தையும் அனுபவமாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. "நான் வீட்டில சும்மா இருக்கிறன்" என்று சொல்லுகிற அக்காமார், அடுத்தமுறை அப்படிச் சொல்லுமுன் யோசியுங்கோ.

2025 ஜனவரியில் இருந்து இன்னொரு வழியும் சட்டத்தில் வந்திருக்கிறது. 25 வயதுக்கு மேற்பட்டு, கடதாசி இல்லாமல் நீண்டகாலம் ஒரு தொழிலைச் செய்தவரின் திறமையைச் சபை நேரில் பார்த்து மதிப்பிட்டு, படித்தவருக்கு ஒப்பானவர் என்று எழுதிக் கொடுக்கிற முறை. சோதனைப் பயம் உள்ளவர்கள் இதையும் விசாரிக்க வேணும். நான் சோதனை வழியைத்தான் எடுத்தேன். ஏ.எல். வெட்டுப்புள்ளியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்குது!

ஈ-ஹா-காவில் ஆலோசகர் என் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, "உமக்குக் காலம் காணும், மூன்று வருடத் தொழிலான பிளாஸ்ரிக் தொழில்நுட்பச் சோதனைக்கே போடலாம்" என்றார். நான் வீட்டுக்கு வந்து மாதிரி வினாத்தாளைப் பார்த்தேன். விடயம் விளங்கியது. டொச் விளங்கவில்லை. ஆகவே இரண்டு வருடத் தொழிலைத் தெரிந்தேன், மஷீனன் உண்ட் அன்லாகன்பூரர், மெசின் இயக்குநர். சின்னப் படிதான். ஆனால் இதைப் பாஸ் பண்ணினால் பிறகு மூன்று வருடத் தொழிலுக்குத் தொடர்ந்து ஏறலாம். முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாம் படிக்குப் பாய்கிறது பெடியங்களின் விளையாட்டு. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனிப் படிப்பைப் பற்றி. இதில் நான் கொஞ்ச நேரம் எடுக்கப் போகிறேன், மன்னிக்க வேணும்.

நைலோன் என்று நாங்கள் சொல்லுகிற பொலியமிட் குருணை எங்கள் பக்டரிக்குப் பை பையாக வரும். அதை உலர்த்திக்குள் போட்டு 80 பாகைச் சூட்டில் மணிக்கணக்காக வைத்துத்தான் மெசினில் போட வேணும். அவசரத்தில் உலர்த்தாமல் போட்டால் விழுகிற பொருளின் மேலே வெள்ளி இழுத்தது போலக் கோடு வரும். அவ்வளவும் கழிவு. இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஏன் என்று தெரியாது. பொலிபுறொப்பிலீனுக்கு அப்படி உலர்த்தத் தேவையில்லை என்பதும் தெரியும். ஏன் என்று தெரியாது. புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அது இருந்தது: பொலியமிட் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். 250 பாகைக்கு மேலான சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பொருளுக்குள்ளே இழுபட்டுப் போகிற தடம்தான் அந்த வெள்ளிக்கோடு. மற்றது ஈரம் குடிப்பது மிகக் குறைவு. அதேபோல, தடிப்பான இடத்தில் மேற்பரப்பு குழிந்து போவது ஏன்? வெளிப்பக்கம் முதலில் உறைகிறது, உட்பக்கம் பிந்தி ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுக்கிறது. அதனால்தான் அச்சு நிரம்பிய பிறகும் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேணும். சூடு, விரிவு, சுருக்கம், ஆவி... எல்லாம் எங்கள் பௌதிகவியல் வாத்தியார் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பித்த பாடங்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை. பத்து வருடமாக என் கை அறிந்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் என் தலை அறிந்துகொண்டது.

எழுத்துச் சோதனை மூன்று பகுதி: உற்பத்தி நுட்பம், உற்பத்தித் திட்டமிடல், பொருளாதாரமும் சமூக அறிவும். அதைவிடச் செய்முறை வேறு. எல்லோரும் மூன்றாவதுக்குப் பயப்படுவார்கள், சட்டச் சொற்கள் கனக்க. எனக்கு இப்ப அதுதான் பிடித்த பாடம். ஐந்து தொழிலாளர் நிரந்தரமாக உள்ள இடத்திலேயே தொழிலாளர் சபை தெரியலாம் என்று அதில் இருக்கிறது. ஐந்து வருடம் வேலை செய்தவனைக் கொம்பனி நிற்பாட்டுவதாக இருந்தால் சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ், எட்டு வருடம் என்றால் மூன்று மாதம், பத்து வருடம் என்றால் நாலு மாதம். எங்களில் ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை "திங்கட்கிழமை வரவேண்டாம்" எண்டு அனுப்பினார்கள். அவரும் "சரி" எண்டு வந்துவிட்டார். இந்தப் பாடம் சோதனைக்கு மட்டும் உரியதில்லை.

டொச் இப்பவும் கஷ்டம்தான். சாப்பாட்டுப் பையுக்குள் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். இடைவேளையில் பத்துச் சொல். இரவில் என் மூத்த மகள், இரண்டாம் வகுப்பு, அந்தக் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். டேர், டீ, டஸ் பிழைத்தால் குட்டு விழும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மத்தளம், பகலில் மைஸ்ரர், இரவில் மகள்.

இனிக் காசு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பேச்சுப்போட்டிப் பேச்சாகப் போய்விடும்.

நான் கொம்பனியிடம் கேட்டபோது "நேரம் தர ஏலாது, ஆள் காணாது" என்றார்கள். உண்மையில் ஆர்பைற்ஸ்அம்ற் இப்படியான படிப்புக்குக் காசு கொடுக்கிறது. 2024 ஏப்ரலில் இருந்த விதிப்படி, 50 பேருக்குக் குறைந்த கொம்பனி என்றால் பாடநெறிச் செலவு முழுவதும், 50 இல் இருந்து 499 பேர் வரை என்றால் பாதி. படிப்பு 120 மணித்தியாலத்துக்கு மேலாக இருக்க வேணும். ஆனால் கொம்பனியும் ஒத்துவர வேணும். என் கொம்பனி வரவில்லை. ஆகவே நான் சனிக்கிழமை வகுப்பை என் காசில் எடுத்தேன். ஒன்று மட்டும் கொம்பனியால் மறுக்க ஏலாமல் போனது. எங்கள் நோர்த்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில், பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் ஆறு மாதம் வேலை செய்த ஒருவருக்கு, அங்கீகரித்த படிப்புக்கு வருடத்தில் ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு எடுக்க உரிமை உண்டு. பில்டுங்ஸ்ஊர்லவுப் என்று பெயர். ஆறு கிழமைக்கு முன்னரே எழுத்தில் கேட்க வேணும். பதினொரு வருடமாக நான் உழைத்த இடத்தில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

சனிக்கிழமை வகுப்பு என்றால் வெள்ளி, சனி இரவில் நான் செய்த பிற்சேரியா வேலையை விட வேணும். மினிஜொப். 2025 இல் மாதம் 556 யூரோ வரை அப்படி உழைக்கலாம். அந்தக் காசு எங்கள் வீட்டுக்கு இல்லை, ஊருக்கு. அம்மாவின் மருந்தும் தங்கச்சியின் வீட்டுக் கடனும் அதில்தான் போனது. போன ஆவணியில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, ஒரு வருசத்துக்குப் பாதிதான் அனுப்ப ஏலும், நான் ஒரு சோதனை எடுக்கப் போறன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "இந்த வயதில உனக்கென்ன சோதனை? அங்கை உன்னை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ, மறைக்காமல் சொல்லு" என்றா. விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. தங்கச்சிக்கு இன்னும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறு. ஊரில் கடன் கழுத்தை நெரிக்கிற ஒருவரைப் பார்த்து "நீயும் படி" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இரவு ஷிப்ட் காசைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் படிச்சு என்ன, இரவில நிண்டால் அதே காசு வருது" என்று நண்பர்கள் சொல்லுவார்கள். சரி. இரவு வேலைக்கு மேலதிகமாகக் கிடைக்கும் காசில் 25 வீதம் வரைக்கும், ஞாயிறு வேலைக்கு 50 வீதம் வரைக்கும் வரி இல்லை. கையில் முழுசாக வரும், இனிப்பாக இருக்கும். ஆனால் அதற்குப் பென்சன் கட்டுப்பணமும் பிடிக்கிறதில்லை. பிடிக்காத காசுக்குப் பென்சனும் இல்லை, வேலை போனால் வேலையில்லாக் காசுக் கணக்கிலும் அது சேராது. இருபது வருடம் இரவில் விழித்தவன், பென்சன் கடிதத்தில் பகலில் நின்றவனைப் போலத்தான் தெரிவான். அடிப்படைச் சம்பளம் ஏறினால்தான் எல்லாம் ஏறும். இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2015 இல் 8 யூரோ 50 சதம். 2026 ஜனவரியில் 13 யூரோ 90 சதம். நல்லது. ஆனால் அது ஏற ஏற, பத்து வருடம் நின்ற பழகாத தொழிலாளியின் சம்பளமும் நேற்று வந்தவனின் சம்பளமும் கிட்டக் கிட்ட வருவதைக் கவனித்தீர்களோ?

இன்னொரு விடயம், வேலை மாறுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேணும். சொய்க்னிஸ், அதாவது வேலைச் சான்றிதழ். "இவர் எமக்குத் திருப்தியாக வேலை செய்தார்" என்று எழுதியிருந்தால் நாங்கள் கண்ணாடி போட்டு மாட்டி வைப்போம். இந்த நாட்டு முதலாளிகளின் பாசையில் அது "அவ்வளவு சரியில்லை" எண்டு அர்த்தம்! "முழுத் திருப்தி", அதற்கு மேலே "எப்போதும் முழுத் திருப்தி", அதற்கும் மேலே இலக்கணத்துக்கே பொருந்தாத ஒரு சொல்லைப் போட்டு "எப்போதும் மிகமிக முழுத் திருப்தி" என்று வந்தால்தான் முதல்தர நற்சான்று. என் நண்பர் ஒருவர் இப்படியான ஒரு வெறும் திருப்தியைக் கையில் கொண்டு இரண்டு வருடம் வேலை தேடினார். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கையெழுத்து வாங்குமுன் வாசிக்கச் சொல்லுங்கோ. சோதனைக்கு விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் செய்த வேலைகள் ஒவ்வொன்றாக எழுதிய கடிதம் தேவைப்படும். "உதவியாள்" என்று ஒரு சொல்லில் எழுதித் தந்தால் வாங்காதேங்கோ. மெசின் மாற்றினது, தரம் பார்த்தது, புது ஆளைப் பழக்கினது எல்லாம் எழுத்தில் வர வேணும். என் கடிதத்தில் அந்த அற்சூபியைப் பழக்கினதையும் போடச் சொல்லி நின்று போடுவித்தேன்.

வயதான ஐயா ஒருவர் போன கிழமை கோயிலில் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் பாஸ் பண்ணி நீர் என்ன மனேஜரோ ஆகப் போறீர்?" இல்லை ஐயா. பாஸ் பண்ணினாலும் அதே கொம்பனி, அதே மெசின், அதே எண்ணெய் மணமாக இருக்கலாம். பெயில் ஆனால் இன்னும் இரண்டு தரம் எடுக்கலாம் என்று விதி சொல்லுகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் இதுவரை "தொழிலாளி" என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் என்ன தொழில் என்று எழுத எனக்கு ஒரு சொல் வேணும்.

செயலாளர் அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரு அறிவித்தலோடு முடிக்கிறேன்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, பின்னேரம் நாலு மணிக்கு, இந்த மண்டபத்தின் பின் அறையைத் தலைவர் எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணி சங்கத்தின் செலவு. இப்போதைக்கு நாங்கள் மூன்று பேர்: நான், களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, முதியோர் இல்லத்துக் குசினியில் நிற்கும் ஒரு அக்கா. வர விரும்புகிறவர்கள் வேலை ஒப்பந்தம், சம்பளத் துண்டுகள், பழைய சொய்க்னிஸ், ஊரில் இருந்து கொண்டுவந்த சான்றிதழ் ஏதும் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கோ. சைற்பிர்மாக் காலத்துக் கடதாசிகளை எறிந்து போடாதேங்கோ, அந்த வருடங்களும் கணக்கில் வரும். டொச் நல்லாத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உதவி செய்தால் பெரிய உபகாரம்.

மே மாதம் முதற் கிழமை மட்டும் நான் வரமாட்டேன். அந்தக் கிழமைதான் எனக்கு எழுத்துச் சோதனை.